‘வந்திடுங்க மகள்’ என்று சொல்லுமுன்

உயர்தரப் பெறுபேறுகள் வந்து சில மாதங்கள் கழிய, நமது ஊர்களில் இப்போது அடிக்கடி காணும் காட்சி ஒன்று உண்டு. ஒரு வீட்டின் முன்னால் வேன் வந்து நிற்கும். உள்ளே பயணப் பெட்டியைத் தூக்கித் தூக்கி எடை பார்ப்பார்கள். மாமிமாரும் சாச்சிமாரும் மிளகாய்த்தூள், மாசி, பனடோல் அட்டை என்று ஆளுக்கொன்றைக் கொண்டுவந்து பெட்டிக்குள் திணிப்பார்கள். வந்தவர்கள் எல்லோரும் உம்மாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: “புள்ள தனியச் சமாளிச்சிக்குமா?”

நானும் அப்படி ஒரு வேனில் ஏறிப் போனவள். இக்கல்லூரியில் உயர்தரம் வரை படித்து, இப்போது சென்னையில் வணிகவியல் இளமாணிப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். விடுமுறையில் ஊருக்கு வந்தால் அதே கேள்வியை இப்போது என்னிடம் கேட்கிறார்கள்: “எங்கட மகளையும் அனுப்பலாமா? சமாளிப்பாளா?” யோசித்துப் பார்க்கையில் கேள்வியே பிழை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. முதல் நாட்களில் யாருமே முழுமையாகச் சமாளிப்பதில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு: சமாளிக்க முடியாத நாளில் அவள் அதை வீட்டுக்குச் சொல்வாளா?

வாய்ப்புகள் இருக்கின்றன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தகுதி பெறும் எல்லோருக்கும் நமது பல்கலைக்கழகங்களில் இடம் கிடைப்பதில்லை. இந்திய அரசோ இலங்கை மாணவர்களுக்கென்றே புலமைப்பரிசில்கள் வழங்குகிறது. இளமாணிப் படிப்புக்கு நேரு நினைவுப் புலமைப்பரிசிலும் முதுமாணிக்கு மௌலானா ஆசாத் புலமைப்பரிசிலும் உண்டு. இவற்றை நடத்தும் இந்தியக் கலாசார உறவுகள் பேரவையை 1950 இல் தொடக்கிவைத்தவர், சுதந்திர இந்தியாவின் முதல் கல்வி அமைச்சராக இருந்த அதே மௌலானா ஆசாத்தான். ஆகவே கதவு திறந்துதான் இருக்கிறது. கதவைத் தாண்டிய முதல் சில நாட்களைப் பற்றித்தான் நாம் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

கண்டிக்கு அப்பாலுள்ள எங்கள் ஊரிலிருந்து கட்டுநாயக்கவுக்கு வர நாலு மணித்தியாலம் எடுத்தது. அங்கிருந்து சென்னைக்குப் பறக்க ஒன்றரை மணித்தியாலம்கூட ஆகவில்லை. இறங்கியதும் கடிகாரத்தை மாற்றப் போனேன். தேவையில்லை, 2006 ஏப்ரலிலிருந்து இரண்டு நாட்டுக்கும் ஒரே நேரம். காசின் பெயரும் ரூபாதான். பலகைகளெல்லாம் தமிழ். “இதுவா வாப்பா வெளிநாடு?” என்று சிரித்தேன். வாப்பா என்னை விடுதியில் சேர்த்து, மூன்றாம் நாள் ஊர் திரும்பினார். விடுதி வாசலில் வைத்து அவர் சொன்ன ஒரு வார்த்தையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

ஒரே மொழி பேசும் ஊர் என்பதுதான் என்னை முதலில் ஏமாற்றியது. தெரியாத மொழி பேசும் ஊருக்குப் போனால் மனம் தயாராக இருக்கும். தமிழ்நாட்டுக்குப் போகும்போது நாம் எதற்கும் தயாராவதில்லை. நாலாம் நாள் கடையொன்றில் “கொப்பி இருக்கா?” என்று கேட்டேன். கடைக்காரர், “காபித் தூள் பக்கத்துக் கடையில கிடைக்கும்மா” என்றார். நான் கேட்டது எழுதுகிற கொப்பி. அங்கே அது நோட்டு. சவர்க்காரம் என்றால் யாருக்கும் விளங்கவில்லை. சோப்பு என்று சொல்ல வேண்டும். பாண் கேட்டு வெறுங்கையோடு வந்தேன். “நீங்க மலையாளமா?” என்று ஒரு நாளில் மூன்று பேர் கேட்டார்கள்.

அறைத் தோழிகள் மூன்று பேர். அவர்களிடம் ஓர் இரவு, “எங்கட தாத்தாவுக்குப் போன மாசம்தான் புள்ள பிறந்திச்சு” என்றேன். மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு அடங்கக் கால் மணித்தியாலம் ஆனது. நமக்குத் தாத்தா என்றால் மூத்த சகோதரி; அவர்களுக்கு உம்மாவின் வாப்பா! நானும் சேர்ந்துதான் சிரித்தேன். ஆனாலும் அன்றிலிருந்து என்னையறியாமல் பேச்சைக் குறைத்துக்கொண்டேன். பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு வார்த்தை பேசினேன். இந்தக் கல்லூரியின் தமிழ்த்தினப் போட்டிகளில் மேடையேறிப் பேசியவள் நான். அங்கே என் தாய்மொழியில் வாய் திறக்கக் கூச்சப்பட்டேன். விடுதிச் சாப்பாட்டு மண்டபத்தில் யாராவது பேச்சுக் கொடுத்துவிடுவார்களோ என்று கூட்டம் கலைந்த பிறகு போவேன். பல நாள் சாப்பாடு முடிந்திருக்கும்.

மற்றச் சிக்கல்கள் சிறியவை. ஆனால் எல்லாம் ஒரே வாரத்தில் வந்தன. 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருபவர்கள், வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். விண்ணப்பம் இணையத்தில்தான். அதற்குக் கடவுச்சீட்டு, விசா, கல்லூரி தரும் போனஃபைட் சான்றிதழ், விடுதி நமக்காகப் பதிகிற படிவம் எல்லாம் வேண்டும். ஆதார் எண் இல்லாததால் சிம் அட்டை வாங்குவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது. தேநீர்க் கடையில்கூட கியூஆர் அட்டையைக் காட்டிக் கைத்தொலைபேசியில் காசு செலுத்துகிறார்கள். நான் மட்டும் 500 ரூபாய்த் தாளை நீட்டிக்கொண்டு, சில்லறை இல்லை என்று முகம் சுளிப்பவரின் முன்னால் நிற்பேன். எதை வாங்கினாலும் மனம் மூன்றால் பெருக்கி இலங்கைக் காசில் கணக்குப் பார்க்கும். பார்த்துவிட்டு வாங்காமல் திரும்புவேன். மலைக்காற்றில் வளர்ந்த உடம்புக்குச் சென்னை வெயில் வேறு.

ஒவ்வொரு நாளும் இஷாவுக்குப் பிறகு உம்மா தொலைபேசியில் வருவார். “எப்படி மகள்?” நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: “சுகமா ஈக்கிறேன் உம்மா.” கமெராவை முகத்துக்கு மட்டும் பிடிப்பேன். வைத்ததும் போர்வையை இழுத்து மூடிக்கொண்டு அழுவேன்.

ஏன் பொய் சொன்னேன்? விடுதி வாசலில் வாப்பா சொன்ன வார்த்தைதான் காரணம். “மனசுக்குப் பிடிக்காட்டி ஒரு கோல் எடுங்க மகள். அடுத்த பிளேன்ல வந்து கூட்டிட்டுப் போயிடுவேன்.” பாசத்தில் சொன்ன வார்த்தை. எந்த வாப்பாவும் சொல்லும் வார்த்தை. ஆனால் அந்த நிமிடத்திலிருந்து என் அழுகைக்கு ஒரு விலை குறிக்கப்பட்டுவிட்டது. நான் அழுதால் படிப்பு நின்றுவிடும். அதனால் அழாதவள் போல நடிக்க வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

எட்டாம் நாள் எனக்குக் காய்ச்சல் வந்தது. உம்மாவிடம் சொல்லவில்லை. அறையிலும் சொல்லவில்லை. மாமி தந்த பனடோலைப் போட்டுக்கொண்டு இரண்டு நாள் வகுப்புக்குப் போனேன். மூன்றாம் நாள் விடுதிப் படிக்கட்டில் தலை சுற்றி விழுந்தேன். அறைத் தோழிகள்தான் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்குப் போனார்கள். உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. சேலைன் ஏற்றினார்கள். “வீட்டுல சொன்னியாம்மா?” என்று கேட்ட வைத்தியரிடமும் தலையைத் தாழ்த்திக்கொண்டேன். இறைவன் காப்பாற்றினான், படி இன்னும் நாலு கூடியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்ப்பதுண்டு.

இந்தக் கட்டுரையை நான் எழுதக் காரணம் இதுதான். சின்னக் கவலையைச் சொன்னால் கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயப்படும் பிள்ளை, பெரிய ஆபத்தையும் சொல்லமாட்டாள். மறைப்பது ஒரு பழக்கம். ‘சாப்பாடு பிடிக்கவில்லை’ என்பதை மறைக்கத் தொடங்கியவள் காய்ச்சலையும் மறைப்பாள். நாளைக்கு யாராவது பின்தொடர்ந்து வந்தால் அதையும் மறைப்பாள். பிள்ளையைப் பாதுகாக்க என்று நாம் சொல்லும் வார்த்தை, அவளைப் பாதுகாக்கும் ஒரே கயிற்றை அறுத்துவிடுகிறது.

இதற்கு மறுபக்கமும் பார்த்திருக்கிறேன். அதே ஆண்டு வேறொரு மாவட்டத்திலிருந்து வந்த சகோதரி ஒருவர் என்னைப் போல மறைக்கவில்லை. ஒவ்வோர் இரவும் உம்மாவிடம் உண்மையைச் சொல்லி அழுதார். மூன்றாம் வாரத்தில் நானா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவருக்குப் பெரிய குறை எதுவும் இருக்கவில்லை. எனக்கிருந்த அதே குறைகள்தான். நான் பொய் சொன்னதால் தங்கினேன். அவர் உண்மை சொன்னதால் திரும்பினார். அடுத்த வருடம் அவருடைய ஊரில் இரண்டு பிள்ளைகளை விண்ணப்பிக்கவே விடவில்லையாம். “அந்தப் புள்ள பட்ட பாடு தெரியாதா?” என்றார்களாம். ஒரு பிள்ளையின் மூன்று வார அழுகை ஓர் ஊரின் தீர்ப்பாகிவிட்டது.

பெற்றோரின் பயத்தில் நியாயம் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. தூரத்தில் பெண் பிள்ளையை விட்டுவிட்டு நித்திரை வராமல் கிடப்பதை நான் குறை சொல்லவில்லை. மார்க்கத்தைப் பேணுவாளா, யாரோடு பழகுவாள், நோய்நொடி வந்தால் யார் பார்ப்பார் என்பவையெல்லாம் கேட்க வேண்டிய கேள்விகள்தான். சில வேளை திரும்பி வருவதே சரியான முடிவாகவும் இருக்கும். விடுதியில் பாதுகாப்பில்லை, ஒருவர் தொந்தரவு செய்கிறார், வாரக்கணக்கில் நித்திரையும் சாப்பாடும் இல்லை என்றால் படிப்பை விடப் பிள்ளை பெரிது. அப்படித் திரும்பி வரும் பிள்ளையைத் தோற்றவள் என்று யாரும் பேசக்கூடாது. ஆனால் வீட்டு நினைவில் வரும் அழுகை எது, ஆபத்தில் வரும் அழுகை எது என்று பிரித்தறிய, அந்த அழுகை முதலில் நம் காதுக்கு வர வேண்டுமல்லவா?

காய்ச்சல் இறங்கிச் சில நாளில், ஊருக்குப் போகும் அறைத் தோழியை ரயிலேற்ற எழும்பூர் நிலையத்துக்குப் போனேன். அவர் காயல்பட்டினத்துக்காரர். உம்மா, வாப்பா என்று நம்மைப் போலவே அழைப்பவர். எழும்பூரில் மகாபோதி சங்கத்தின் இடம் ஒன்று உண்டு. புத்தகயாவுக்குப் போகும் நம் நாட்டு யாத்திரிகர்கள் அங்கே தங்கிச் செல்வார்கள். நிலைய வாசலில் வெள்ளை உடுத்த ஒரு கூட்டம் சிங்களத்தில் பேசிக்கொண்டிருந்தது. கண்டி பஸ்ஸில் நாளும் கேட்டு வளர்ந்த குரல்கள். என் கால் தானாக அவர்களிடம் போய்விட்டது. நானும் கண்டிப் பக்கம்தான் என்று சிங்களத்தில் சொன்னதும், வயதான ஓர் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “துவே, வீட்டு நினைவா?” என்று கேட்டார். நான் நடுத்தெருவில் அழுதுவிட்டேன். அவர் அழாதே என்று சொல்லவில்லை. திரும்பிப் போ என்றும் சொல்லவில்லை. அழுது முடியும் வரை கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவ்வளவுதான். திரும்பி வரும் வழியில் மனம் இலேசாகியிருந்தது.

அன்றிரவு உம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காய்ச்சல், படிக்கட்டு, தாத்தா என்று சொல்லிச் சிரிப்பு வாங்கியது, சாப்பிடாமல் கிடந்தது, எல்லாம். சொல்வதற்கு முன் ஒன்று கேட்டேன்: “வரச் சொல்லாமக் கேப்பீங்களா உம்மா?” மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை. பிறகு உம்மா சொன்னார்: “உங்கட வாப்பா சவூதிக்குப் போய் முதல் மாசம் முழுக்க அழுதவர். எங்களுக்குக் கெசட்டில பேசி அனுப்பினதெல்லாம் ‘சுகமா ஈக்கிறேன்’ எண்டுதான். அழுத கதையப் பத்து வருசம் கழிச்சித்தான் செல்லினார்.”

நான் என் வாப்பாவின் மகள்தான் என்று அன்று விளங்கியது. நமது வீடுகளில் எத்தனை வாப்பாமார், எத்தனை உம்மாமார் மத்திய கிழக்கிலிருந்து இதே வார்த்தையைச் சொல்லி அனுப்பியிருப்பார்கள்! அவர்களுக்கு வேறு வழியிருக்கவில்லை. கடிதம் போய்ச்சேரவே நாட்கள் ஆகும். நமக்கு அப்படியில்லை. நினைத்த நிமிடத்தில் முகம் பார்த்துப் பேசுகிறோம். அப்படியிருந்தும் அதே பொய்யைத் தொடர வேண்டுமா?

ஆகவே பெற்றோரிடம் நான் கேட்பது நாற்பது நாள். பிள்ளை பெற்ற தாய்க்கு நாம் நாற்பது நாள் கொடுக்கிறோம். அந்த நாட்களில் அவள் அழுதாலும் கோபப்பட்டாலும் இவள் பிள்ளை வளர்க்கத் தகுதியில்லாதவள் என்று யாரும் தீர்ப்பளிப்பதில்லை. உடம்பும் மனமும் தேறட்டும் என்று காத்திருக்கிறோம். படிக்கப் போன மகளுக்கும் அதே நாற்பது நாளைக் கொடுங்கள். ஆபத்து என்றால் அந்த நிமிடமே புறப்படுங்கள். வீட்டு நினைவு என்றால் நாற்பது நாள் முடியும் வரை திரும்பி வரும் பேச்சை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருங்கள். “இண்டைக்கு என்ன சாப்பிட்டீங்க? யாரோட கதைச்சீங்க?” என்று கேளுங்கள். சுகமா என்று மட்டும் கேட்டால் சுகம் என்றுதான் பதில் வரும்.

போவதற்கு முன் செய்ய வேண்டியவையும் உண்டு. மிளகாய்த்தூளை விட முக்கியமானவை. சான்றிதழ்களை வெளிநாட்டலுவல்கள் அமைச்சில் உறுதிப்படுத்தும் வேலைக்கு மகளையே கூட்டிப் போய் அவளையே கருமபீடத்தில் பேச விடுங்கள். வங்கிப் படிவத்தை அவளே நிரப்பட்டும். ஒரு மாதச் செலவுக் கணக்கை அவள் கையில் கொடுங்கள். எல்லாவற்றையும் நானாவும் வாப்பாவும் செய்து கொடுத்துவிட்டு, திடீரென்று ஒருநாள் அந்நிய ஊரில் தனியே விட்டால் எந்தப் பிள்ளைதான் திணறாது? சென்னையிலுள்ள இலங்கைத் துணை உயர் ஸ்தானிகராலயத்தின் இலக்கத்தை இருவரும் குறித்துக்கொள்ளுங்கள். இந்தியாவில் அவசர உதவிக்கு 112, பெண்கள் உதவிக்கு 181 என்பதை அவள் மனப்பாடம் செய்திருக்கட்டும்.

கல்லூரி செய்யக்கூடியதும் ஒன்றுண்டு. அங்கே படிக்கும் பழைய மாணவிகளின் பெயர்களை ஒரு கொப்பியில் எழுதி வைத்து, புதிதாகப் போகும் பிள்ளைக்கு ஒரு தாத்தாவைக் கையில் கொடுத்து அனுப்பினால் போதும். கிப்லா எந்தப் பக்கம், சிம் அட்டைக்கு என்ன கேட்பார்கள் என்பதெல்லாம் அனுபவப்பட்டவள் சொன்னால் ஐந்து நிமிட விடயம்.

தங்கைமாருக்கும் ஒரு வார்த்தை. உங்கள் பேச்சைக் கேட்டுச் சிரிப்பவர்கள் எல்லோரும் உங்களை இகழ்பவர்கள் அல்லர். என் தாத்தா கதைக்குச் சிரித்த அதே மூவர்தான் என்னைத் தூக்கிக்கொண்டு வைத்தியசாலைக்கு ஓடினார்கள். இன்று அவர்களுக்கு வடிவு என்றால் என்ன, சம்பல் என்றால் என்ன என்று தெரியும். நானும் ‘நோட்டு’ என்று கேட்கிறேன். வீட்டுக்கு வந்தால் ‘கொப்பி’தான். பேச்சைக் குறைக்காதீர்கள். தண்ணீரைக் குறைக்காதீர்கள். முக்கியமாக, வீட்டில் பொய் சொல்லாதீர்கள்.

இந்த வருடமும் ஏதோ ஒரு வீட்டு வாசலில் வேன் வந்து நிற்கும். ஒரு வாப்பா விமான நிலையத்திலோ விடுதி வாசலிலோ மகளின் தலையைத் தடவி ஏதாவது சொல்லத் தேடுவார். அவருக்கு என் வேண்டுகோள்: “பிடிக்காட்டி வந்திடுங்க” என்று தொடங்க வேண்டாம். “அழுகை வந்தா எங்களுக்கிட்டச் செல்லி அழுங்க மகள், நாங்க கேப்போம்” என்று சொல்லிவிட்டுத் திரும்புங்கள். மற்றதை அல்லாஹ் இலேசாக்கி வைப்பான்.